பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்கிறவள்

கய்மன், சுபூட் பள்ளத்தாக்கு
1955 பிப்ரவரி 12

கெய்னொர்,

ஐம்பத்து மூன்று வருஷம் கழித்து எழுதும் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். அம்மாவின் வேதப்புத்தகம் உன்னிடம் இருக்கிறது. பிள்ளைகள் பிறந்த தேதிகளை அதன் முதல் ஏட்டில் எழுதிவைப்பாள், யாரையும் திறந்து பார்க்க விடமாட்டாள். அந்த ஏட்டின் நகல் எனக்கு வேண்டும்.

புத்தகத்தைக் கேட்கவில்லை. அது என்னிடம் இருந்திருக்க வேண்டியது. மூத்தவள் நான், அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவளும் நான். நீ கனடாவுக்குக் கப்பல் ஏறியபோது அதைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாய். அதைப் பற்றி இப்போது பேச வரவில்லை. வந்தால் இந்தத் தாள் போதாது.

வருகிற ஜூலை இருபத்தெட்டோடு நம் ஜனங்கள் தாய்நாட்டை விட்டு முதல் கப்பலில் வந்து இந்தக் கரையில் இறங்கித் தொண்ணூறு வருஷம். அன்றைக்கு ஜெபக்கூடத்தில் தேநீருக்கு முன்னால் அந்தக் கப்பலில் வந்தவர்களின் பெயர்ப் பட்டியலை வாசிக்கும் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. பெயர் கூப்பிட்டதும் உயிரோடு இருக்கிறவர்கள் எழுந்து "இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். நீ இங்கிருந்த காலத்தில் நாற்பது ஐம்பது பேர் எழுந்தார்கள். பதினோரு வருஷமாக நான் ஒருத்திதான் எழுகிறேன். பட்டியல் முழுக்க வாசித்து, நூற்றைம்பது பெயருக்கு மேல் மௌனம், நடுவில் ஒரே ஒரு கிழவி.

இந்த வருஷம் கப்பல் இறங்கிய கடற்கரையில் பித்தளைப் பலகை வைக்கிறார்கள். "ஷோனெட், முதல் கப்பலில் வந்தவர்களில் கடைசியாக இருப்பவள்" என்று என் பெயரோடு. அரசாங்கத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார், மேடையில் எனக்கு நாற்காலி. விழாவை நடத்துகிறவன் எம்லின் என்ற பள்ளி ஆசிரியன். என் கம்பளிக் கடைக்கு வந்து தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றான்.

"பாட்டிம்மா, பட்டியல்ல உங்க பேரு இருக்கு, பொறந்த தேதி இல்ல. பித்தளைல வார்த்துட்டா அப்புறம் திருத்த முடியாது. ஏதாவது எழுத்துல இருக்கா?"

"எனக்குத் தொண்ணூறு ஆச்சான்னு என் முழங்காலைக் கேளு, சொல்லும்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. படித்தவர்களுக்கு முழங்கால் சாட்சி போதாது போலிருக்கிறது.

கடையை இப்போது என் பேரன் பார்க்கிறான். அவன் பார்ப்பதை நான் பார்க்கிறேன். உன் விலாசத்தை, உன் வீட்டுக்காரர் இறந்த செய்தி வந்த நம் பத்திரிகையிலிருந்து எடுத்தேன். வருத்தமாக இருந்தது. அப்போதே எழுதியிருக்க வேண்டும்.

ஷோனெட்


சஸ்காட்செவன், கனடா
மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தை உறையின்மேல் பார்த்ததும் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துவிட்டது. பேத்திதான் ஓடிவந்து இறக்கினாள். இங்கே இன்னும் பனி இடுப்பளவு கிடக்கிறது. தொழுவத்துக்குக் கயிறு கட்டி அதைப் பிடித்துக்கொண்டுதான் போகிறோம். எனக்கு எழுபத்தொன்பது முடிகிறது. கர்த்தருடைய கிருபையால் கண் நன்றாகத் தெரிகிறது.

நீ இருக்கிறாய் என்பதே எனக்குப் போதும். ஒவ்வொரு வருஷமும் ஜூலை இருபத்தெட்டில் இங்கே எங்கள் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து தேநீர் குடிப்போம். இந்நேரம் அக்கா எழுந்து நின்றிருப்பாள் என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன்.

வேதப்புத்தகம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அக்கா, முதல் ஏடு கப்பல் பயணத்தில் நனைந்துவிட்டது. மை கரைந்து ஒன்றும் படிக்க முடியாது. மன்னித்துக்கொள். அந்த ஆசிரியருக்கு உன் வார்த்தை போதாதா? வந்தவர்களில் மிஞ்சியிருப்பவள் சொன்னால் மறுத்துப் பேச யார் இருக்கிறார்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள். காற்றில் நிற்காதே.

உன் தங்கை
கெய்னொர்


கய்மன்
ஏப்ரல் 2

கெய்னொர்,

எழுபது வருஷம் கம்பளி வாங்கி விற்றவள் நான். எடை கூட வேண்டும் என்று தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்த மூட்டையை அவிழ்க்காமலே வாசனையில் கண்டுபிடிப்பேன். உன் கடிதத்திலும் அந்த வாசனை வருகிறது. புத்தகம் பத்திரமாக இருக்கிறது, முதல் ஏடு மட்டும் நனைந்தது என்கிறாய். அட்டைக்கும் ஆதியாகமத்துக்கும் நடுவில் தண்ணீர் எப்படிப் புகுந்தது என்று எனக்குக் கொஞ்சம் விளக்கு.

நீ பொய் சொல்லத் தெரியாதவள். சின்ன வயதில் பொய் சொன்னால் பாவாடை நுனியைத் திருகுவாய். இப்போதும் திருகிக்கொண்டேதான் எழுதியிருப்பாய். அந்த ஏட்டில் என்ன இருக்கிறது?

கேட்பதற்கு எனக்குப் பித்தளைப் பலகை மட்டும் காரணமில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். நானும் எத்தனை நாள்தான் மூட்டையைக் கட்டியே வைத்திருப்பேன்.

அம்மா என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீ கவனித்திருக்கிறாயா? உன்னைக் கெய்னொர் என்பாள். தம்பிகளைப் பெயர் சொல்லி அதட்டுவாள். மாட்டுக்குக்கூடப் பெயர் வைத்திருந்தாள். என்னை மட்டும் "மகளே". ஆற்றங்கரையிலிருந்து கூப்பிட வேண்டும் என்றாலும் மண்வெட்டியில் தட்டி ஓசை எழுப்புவாளே தவிர, பெயர் வராது.

பதினோரு வயதில் நான், நமக்கு முன்பே இந்த மண்ணில் இருந்த தெவெல்சேக்காரர்கள் கூடாரம் போட்ட இடத்துக்குக் குதிரையில் ரொட்டி கொண்டுபோக ஆரம்பித்தேன். நம் கோதுமை ரொட்டி என்றால் அவர்களுக்கு உயிர். எட்டு ரொட்டிக்கு ஒரு கட்டு நெருப்புக்கோழி இறகு. அந்த இறகு பட்டணத்துச் சீமாட்டிகளின் தொப்பிக்குப் போய் எனக்குக் கடையாகத் திரும்பி வந்தது. கூடாரத்துக் கிழவிகள் என் பெயரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். பெற்றவள் சொல்லவில்லை.

கரையிறங்கிய நாளில் பட்டியல் வாசிப்பார்களே, நம் குடும்பப் பெயர் வரப்போகும் நேரத்தில் அம்மா எழுந்து பின்னறைக்குப் போய்விடுவாள். "தண்ணி கொதிக்குது, பாத்துட்டு வரேன்" என்பாள். வருஷா வருஷம், சொல்லிவைத்தாற்போல். நான் எழுந்து "இருக்கிறேன்" என்று சொல்லும்போது அவள் பெஞ்சியில் இருந்ததே இல்லை. என் வயதுக்கு நான் குள்ளம். எல்லாரும் கேலி செய்வார்கள். குள்ளமான பெண் எழுந்து நிற்பதைப் பார்க்க அம்மாவுக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். அதனால் வருஷத்துக்கு வருஷம் சத்தமாகச் சொன்னேன், பின்னறைவரை கேட்கட்டும் என்று.

1911இல் அவள் தலை என் மடியில்தான் இருந்தது. கடைசியாகச் சொன்னது என்ன தெரியுமா? "கதவைச் சாத்து மகளே, புழுதி வருது." அவ்வளவுதான்.

எனக்கு அந்த ஏட்டில் அவள் கையால் எழுதிய என் பெயரைப் பார்க்க வேண்டும். வாயால் சொல்லாதவள் ஒரு தடவை மையால் எழுதியிருக்கிறாள் இல்லையா. அது போதும்.

ஷோனெட்


சஸ்காட்செவன்
ஏப்ரல் 24

அக்கா,

இரண்டு நாள் எழுதிக் கிழித்து, இது மூன்றாவது தாள்.

ஏடு நனையவில்லை. நீ கண்டுபிடிப்பாய் என்று தெரிந்துதான் எழுதினேன். பயத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை.

1902இல் நாங்கள் கப்பல் ஏறிய அன்று நீ துறைமுகத்துக்கு வரவில்லை. கம்பளி எடை போடும் நாள் என்று சொல்லி அனுப்பினாய். வெள்ளம் வந்து நிலம் போனதற்காக நாட்டைவிட்டே போகிறவளை வழியனுப்ப உனக்கு மனமில்லை என்று எனக்குப் புரிந்தது. அம்மா மட்டும் வந்தாள். கப்பலுக்கு நேரம் இருந்தது. "கொஞ்சம் நடக்கலாம் வா" என்று கடற்கரையோரம் வெள்ளைப் பாறைப் பக்கம் கூட்டிப்போனாள். முதல் கப்பலில் வந்தவர்கள் தங்கியிருந்த குகைகள் இருக்கிறதே, அங்கே. மூன்றாவது குகையைத் தாண்டி ஒரு பாறை இடுக்கு. அங்கே மண்டியிட்டு மண்ணில் கையை வைத்தாள்.

"இங்கதான் இருக்கா உங்கக்கா" என்றாள்.

"எந்த அக்கா? அவ கடையில இல்ல இருக்கா?"

"பெரியவ" என்றாள் அம்மா. "கரைக்கு வந்து மூணாவது வாரம். எட்டு மாசக் கொழந்தை. பால் இல்ல எனக்கு."

அக்கா, கப்பலில் வந்த ஷோனெட் அந்தக் குழந்தை. நீ ஒன்றரை வருஷம் கழித்து, 1867 பிப்ரவரியில் இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தாய். இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது நம் ஜனங்களின் வழக்கம்தானே, எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம். அப்படித்தான் உனக்கு வைத்தார்கள். ஏட்டில் இரண்டு பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன.

பட்டியல் வாசிக்க ஆரம்பித்த முதல் வருஷம் ஷோனெட் என்று கூப்பிட்டதும், விவரம் தெரியாத வாத்தியார் உன்னைப் பார்த்து "எழுந்திரு பாப்பா" என்றாராம். நீ எழுந்தாய். அம்மாவால் பேச முடியவில்லை. தெரிந்தவர்களும் வாய் திறக்கவில்லை. அந்தக் கரையில் பிள்ளையைப் புதைத்தவர்கள் அவர்களிலும் இருந்தார்களே, யார் பேசுவார்கள்? ஒரு வருஷம் பேசாமல் விட்டது அப்படியே வழக்கமாகிவிட்டது.

உன்னை ஏன் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்று அன்றைக்கு நான் அவளைக் கேட்டேன். நானும் கவனித்திருந்தேன் அக்கா. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் மாற்றவில்லை:

"பேரை மண்ணுல விட்டுட்டு வர மனசு வரல. அவளுக்கு வச்சேன். வச்சப்புறம் வாயில வரல. கூப்பிட்டா ரெண்டு பேரு திரும்பிப் பாக்கறாளுங்க."

வேதப்புத்தகத்தை நான் எடுக்கவில்லை. அவள்தான் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். "அவ கண்ணுல பட்டா தன்னை, கிழிஞ்ச எடத்துல போட்ட ஒட்டுத்துணின்னு நெனச்சுக்குவா. நீ கடல் தாண்டிக் கொண்டுபோயிடு. அவளா கேட்டா சொல்லு. கேக்காம சொல்லாதே" என்றாள். நீ கேட்பாய் என்று ஐம்பத்து மூன்று வருஷம் காத்திருந்தேன். கேட்டபோது தைரியம் போய்விட்டது.

கெய்னொர்


கய்மன்
மே 14

கெய்னொருக்கு,

கிடைத்தது.

எழுத ஒன்றும் இல்லை. எண்பத்தெட்டு வருஷம் இன்னொருத்தியின் சட்டையைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போய்வந்தவள் என்ன எழுதுவாள்? எம்லினிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்வேனா என்று என்னைக் கேட்காதே. ஜூன் கடைசியில் பலகையை வார்க்கக் கொடுக்கிறார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இறந்தவள் வந்து கேட்கப் போவதில்லை. உன் வாய் கெட்டியானது என்று நீயே நிரூபித்துவிட்டாய்.

அக்கா என்று கூப்பிடுகிறாயே, அதுவும் அவளுடையதுதானா?


சஸ்காட்செவன்
ஜூன் 6

ஷோனெட்டுக்கு,

அக்கா என்று எழுதாமல் பெயரை எழுதியிருக்கிறேன். வேண்டுமென்றே. எழுபத்தொன்பது வயதில் மூத்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. அம்மா கூப்பிடாததற்கும் சேர்த்து என்று வைத்துக்கொள்.

பேத்தியிடம் ரொட்டி சுடும் மெல்லிய தாள் வாங்கி, ஏட்டின்மேல் வைத்து அம்மாவின் எழுத்தை அப்படியே பென்சிலால் எடுத்திருக்கிறேன். இதோடு வருகிறது. மேலே இருக்கும் பெயரைப் பார், அவசரமாக எழுதியது. கப்பலேறும் அவசரம். கீழே இருப்பது உன்னுடையது. ஒவ்வொரு எழுத்தும் எவ்வளவு நிதானமாக இருக்கிறது, கவனித்தாயா? மையைத் தொட்டுத் தொட்டு எழுதியிருக்கிறாள். அடியில் ஒரு கோடு இழுத்திருக்கிறாள். எங்கள் யார் பெயருக்கும் கோடு இல்லை.

இன்னொன்று. நீ ரொட்டி விற்கப் போகும் நாளில், மூட்டையில் ஒரு ரொட்டி தனியாக இருக்குமே, கட்டைவிரலால் அழுத்திய குழியோடு, வழியில் நீ தின்பதற்கு. அது மாவு பிசையும்போதே அம்மா எடுத்துவைத்து வாயருகில் கொண்டுபோய் ஏதோ முணுமுணுத்து அழுத்துவது. நான் மாவு பிசையும் மேஜைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கர்த்தரைத்தான் கூப்பிடுகிறாள் என்று அப்போது நினைத்தேன். எனக்கு ஒரு நாளும் குழி வைத்த ரொட்டி கிடைத்ததில்லை, ஷோனெட். எனக்குப் பெயர் கிடைத்தது, உனக்கு ரொட்டி. எனக்கு உன்மேல் பொறாமை. அதை இன்றைக்குத்தான் சொல்ல முடிகிறது.

பலகை விஷயம் உன் இஷ்டம். என்ன செய்தாலும் நான் உன் பக்கம்.

இங்கே பனி கரைந்து வயலில் தண்ணீர் நிற்கிறது. அங்கே குளிர் தொடங்கியிருக்கும். கம்பளிக் காலுறை அனுப்ப நினைத்தேன். கம்பளிக்காரிக்கே கம்பளியா என்று சிரிப்பாய்.

கெய்னொர்


கய்மன்
ஆகஸ்ட் 1

அன்புள்ள கெய்னொருக்கு,

நீ சொன்னது சரி, சிரித்திருப்பேன். ஆனாலும் அனுப்பு.

உன் தாள் வந்த அன்று கடையை மூடிவிட்டேன். வெள்ளத்துக்குக்கூட மூடாத கடை. பேரன் நான் செத்துவிட்டேனோ என்று கதவைத் தட்டிப் பார்த்தான். அந்தக் கோட்டை விரலால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு விஷயம் உறைத்தது. கெய்னொர், நான் குள்ளமில்லை. என்னைவிட இரண்டு வயது பெரியவளின் அளவு வைத்து என்னை அளந்திருக்கிறார்கள். அந்தக் குள்ளத்தை மறைக்கத்தானே குரலை உயர்த்தக் கற்றேன், பேரம் பேசக் கற்றேன். தப்பான அளவுகோலால் எனக்கு ஒரு வியாபாரமே கிடைத்திருக்கிறது.

மறுநாள் எம்லினைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பாவம், தொப்பி அவன் கையிலிருந்து விழுந்துவிட்டது. "பலகைல பேரை மாத்த வேணாம், கடைசியா இருக்கிறவங்கற வரியை மட்டும் எடுத்துட்டு, இந்தக் கரையிலேயே தங்கிவிட்டவள்னு போடு" என்றேன்.

"அதிகாரி வர்றாரே பாட்டிம்மா. நாற்காலில யாரை உக்கார வைக்கிறது?"

"காலியா வை. எட்டு மாசக் கொழந்தைக்கு அது தாராளம்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பையனை நான் தப்பாக எடை போட்டிருந்தேன்.

விழாவுக்கு முந்தைய வாரம் பேரன் என்னைக் காரில் கடற்கரைக்குக் கூட்டிப்போனான். மூன்றாவது குகையைத் தாண்டி நீ சொன்ன இடுக்கு அப்படியே இருக்கிறது. காலையில் நானே மாவு பிசைந்து சுட்ட ரொட்டி ஒன்று கொண்டுபோயிருந்தேன், கட்டைவிரல் குழி வைத்து. அழுத்தும்போது அம்மா முணுமுணுத்தது என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெயரை மாவிடம் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ரொட்டியை அங்கே வைத்துவிட்டு வந்தேன். கடற்பறவைகள் தின்னும் என்று தெரிந்துதான் வைத்தேன். பேரம் பேசாமல் நான் கொடுத்த முதல் ரொட்டி அது.

இப்போது இருபத்தெட்டாம் தேதியைச் சொல்கிறேன்.

கூடம் நிறைந்து வெளியிலும் ஆள் நின்றார்கள். எம்லின் பட்டியலை வாசித்தான். ஒவ்வொரு பெயருக்கும் மௌனம். நம் குடும்பம் வந்தது. அப்பா பெயர், மௌனம். அம்மா பெயர், மௌனம். நான் எழுந்தேன். வழக்கம்போலச் சொல்லப்போகிறாள் என்று எல்லாரும் திரும்பினார்கள். நான் பெஞ்சியை விட்டு வெளியே வந்து, "தண்ணி கொதிக்குது, பாத்துட்டு வரேன்" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனேன்.

அந்த அறைக்கு நான் அந்த நேரத்தில் போனதே இல்லை. எண்பது வருஷமாக அந்த நேரத்தில் நான் கூடத்தில் நின்றுகொண்டிருந்தேனே. அடுப்பின் பக்கத்துச் சுவர் வெறும் மரப்பலகை. அதில் சாய்ந்து நின்றேன். "ஷோனெட்" என்று எம்லின் வாசித்தான். கெய்னொர், அங்கே நின்றால் அந்தப் பெயர் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது தெரியுமா. காதுக்குள் சொல்கிற மாதிரி கேட்கிறது. அம்மா என்னைப் பார்க்க வெட்கப்பட்டு ஓடவில்லை. இதைக் கேட்கத்தான் போயிருக்கிறாள். வருஷத்தில் ஒரே ஒரு தடவை, யாராவது தன் பெண்ணைக் கூப்பிடுவதைக் கேட்க. அதற்குள் நான் எழுந்து நின்று, பின்னறைவரை கேட்கும்படி "இருக்கிறேன்" என்று கத்தியிருக்கிறேன், வருஷா வருஷம். அவள் இரண்டு பேரையும் கேட்டிருக்கிறாள்.

இந்தத் தடவை யாரும் பதில் சொல்லவில்லை. எம்லின் அடுத்த பெயரை உடனே வாசிக்காமல் கொஞ்ச நேரம் விட்டான். அதை நான் அவனிடம் கேட்கவில்லை, அவனாகச் செய்தது. கெட்டில் கொதித்து மூடி ஆடியது. நான் இறக்கிவைத்து எல்லாருக்கும் தேநீர் ஊற்றினேன்.

வேதப்புத்தகம் உன்னிடமே இருக்கட்டும். அம்மா கொடுத்த இடத்தில் இருப்பதுதான் சரி. அடுத்த கடிதத்திலும் என்னைப் பெயர் சொல்லியே எழுது. திரும்பிப் பார்க்க நான் இருக்கிறேன்.

ஷோனெட்